பேப்பர் டான்ஸும் 98.4 கிலோவும்

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது "முப்பதே நாளில் பத்து கிலோ குறைப்பது எப்படி" வகையறா இல்ல. ரெண்டு வருஷத்துல பதினோரு கிலோ கொறச்ச ஆளுக்கு அப்படி எழுத என்ன தகுதி இருக்கு? தங்கமணியைக் கேட்டா, "அந்தப் பதினோரு கிலோ எந்தப் பக்கத்துலேர்ந்து போச்சுன்னு நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்"னு சொல்வாங்க. அவங்க தேடட்டும். நான் சொல்ல வந்தது ஒரு பழைய நியூஸ் பேப்பரைப் பத்தி.

வீடு சிந்தாதிரிப்பேட்டை. வேலை ஓஎம்ஆர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல, கணக்கு வாத்தியார். ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்து எறங்கின மொத நாளே மேட்ரிக்ஸ், கால்குலஸ்னு மெரட்டாதீங்க, மூணு வாரம் பழக விடுங்கன்னு ஏஐசிடிஇ 2018ல வந்த மாதிரிப் பாடத்திட்டத்துலயே போட்டுட்டாங்க. ஐஐடி காந்திநகர்ல 2011லயே அஞ்சு வாரத்துக்கு இதைப் பண்ண ஆரம்பிச்சிருந்தாங்க, அங்கேர்ந்து வந்த யோசனை. 2019ல யுஜிசியும் 'தீக்‌ஷாரம்ப்'னு ஒரு கையேடு போட்டு கலை, அறிவியல் காலேஜுக்கெல்லாம் இதையே சொல்லிடுச்சு. உடற்பயிற்சி, கலை, மனித விழுமியம், பெரியவங்க பேச்சு, பக்கத்து ஊர் சுத்திப் பாக்கறதுன்னு தாள்ல படிச்சா ரொம்ப அழகா இருக்கும். நடைமுறைல என்ன ஆகும்னா, ஸ்டாஃப் மீட்டிங்குக்கு யார் கடைசியா வர்றாங்களோ அவங்க தலைல கட்டிடுவாங்க. 2023 செப்டம்பர்ல நான்தான் கடைசியா போனேன். மூணாவது மாடி, மூச்சு வாங்குச்சு.

விளையாட்டு எல்லாம் என் பொறுப்பு. நமக்கு என்ன தெரியும்? கல்யாண வீட்டு மியூசிக்கல் சேரும் ஆபீஸ் ட்ரெய்னிங் பேப்பர் டான்ஸும்தான். பேப்பர் டான்ஸ் தெரியாதவங்களுக்கு: நாலு பேர் ஒரு டீம். ஆளுக்கொரு பக்கமா ஒரு முழு நியூஸ் பேப்பர் மேல நிக்கணும். பாட்டு ஓடும்போது எறங்கி ஆடலாம். பாட்டு நின்னா எல்லாரும் பேப்பர் மேல. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பேப்பரைப் பாதியா மடிப்பாங்க. கால் தரையில பட்டா டீம் அவுட்.

மூணாவது மடிப்பு வரைக்கும் ஒரே கூத்து, ஒரே சத்தம். அப்புறம் அந்த ஓரத்து டீம்ல ஒரு பையன். ராணிப்பேட்டைப் பக்கம். என்னை இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி ஜெராக்ஸ் எடுத்து வச்ச மாதிரி இருப்பான், அதாவது நல்ல பருமன். மத்த மூணு பேரும் அவனையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அதைக் கவனிங்க, யாரும் கிண்டல் பண்ணல, நல்ல பசங்கதான். பாட்டு இன்னும் நிக்கக்கூட இல்ல, அவனே ரெண்டு அடி பின்னால போய், சிரிச்சுக்கிட்டே, "சார், நான் அவுட்"னான்.

எல்லாரும் கை தட்டினாங்க. தியாகின்னு ஒருத்தன் கத்தினான். நானும் மைக்ல, "சூப்பர் டீம் ஸ்பிரிட்!"னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். பல வருஷம் என் மூஞ்சில இருந்த சிரிப்பு அது. மத்தவன் சொல்றதுக்கு முன்னாடி நாமே சொல்லிட்டா வலி கம்மின்னு கண்டுபிடிச்சவன் சிரிக்கற சிரிப்பு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1991, என்னோட ஃபர்ஸ்ட் இயர். ஊர் வேற, காலேஜ் வேற. தீக்குச்சியை வச்சு ஹாஸ்டல் வராண்டாவை அளக்கறது எல்லாம் எல்லாருக்கும் பொது. எனக்குன்னு ஸ்பெஷல் ஐட்டம் ரோடு ரோலர். வராண்டா முழுக்க உருண்டுக்கிட்டே போகணும், வாயால எஞ்சின் சத்தம் போடணும். எதுக்குண்ணே இதெல்லாம்னு கேட்டா, "அப்பதான்டா பழக்கம் ஆகும், கூச்சம் போகும்"னு சீனியர் சொல்வார். அஞ்சு வருஷம் கழிச்சு, 1996 நவம்பர்ல, சிதம்பரத்துல மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல 1997ல ராகிங்குக்குன்னு தனிச்சட்டமே வந்தது. இன்னிக்கு எங்க காலேஜ்ல சீனியர் ஜூனியர் பக்கம் வரவே யோசிக்கறான். ஆனா பழகறதுக்கு, கூச்சம் போகறதுக்குன்னு அதே காரணத்தைச் சொல்லி, மைக் புடிச்சு, அரசாங்கச் சுற்றறிக்கையோட ஒரு குண்டுப் பையனை எல்லார் முன்னாடியும் பேப்பர்லேர்ந்து எறக்கி விட்டிருக்கேன். ரோடு ரோலர் அளவுக்கு மோசம் இல்லதான். ஆனா அதே சாலை.

அன்னிக்கு ராத்திரி எடை மெஷின் மேல ஏறினேன். 98.4. ஏன் ஏறினேன்னு தெரியல. ஒருவேளை அந்தப் பேப்பர்ல எனக்கு இடம் இருந்திருக்குமான்னு பாக்கவோ என்னவோ.

என் உயரம் 168 செ.மீ. கணக்கு வாத்தியார்ங்கறதால சொல்றேன், பிஎம்ஐ கிட்டத்தட்ட 35. வெள்ளைக்காரனுக்கு 25 தாண்டினா அதிக எடைன்னா நம்மாளுங்களுக்கு 23லயே கோடு போட்டுட்டாங்க. நமக்கு 25 தாண்டினாலே பருமன். ஒடம்பு ஒல்லியா இருந்தாலும் வயித்துல கொழுப்பு சேர்ற வம்சம் நம்மளுது, சர்க்கரை சீக்கிரம் வரும். இடுப்பளவு ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80. என்னுது 112. எனக்கு "சரியான" எடை 64 கிலோ 600 கிராம்னு கணக்கு வருது. அந்த எடையில நான் கடைசியா இருந்தது எட்டாங்கிளாஸ்ல.

முயற்சி பண்ணாம இல்ல. 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு கேட்டு மூணு மாசம் கொள்ளு ரசம். தேன், எலுமிச்சை, வெந்நீர். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டி ஒம்பது நாள் போனேன். பேலியோ பேயாட்டம் போட்ட காலத்துல தினமும் நூறு பாதாம். அதுல எட்டு கிலோ கொறஞ்சது, உண்மையைச் சொல்லணும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நாஷ்டா கடையில வடகறி வாசனை. ரெண்டு இட்லி, ஒரு கரண்டி வடகறி. அவ்ளோதான், "போச்சு, விரதம் கெட்டுப்போச்சு"ன்னு மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி. அந்த எட்டோட சேந்து இன்னொரு மூணும் வந்துடுச்சு.

அந்த ராத்திரிதான் ஒரு விஷயம் ஒறைச்சுது. நான் எடுத்த எல்லா டயட்டும் பேப்பர் டான்ஸ்தான். நாளுக்கு நாள் பேப்பரை மடிச்சு மடிச்சு நிக்க எடமே இல்லாம பண்ணிக்கறது, ஒரு கால் தரையில பட்டா அவுட்டுன்னு நானே ஒதுங்கிப் போறது. மியூசிக்கல் சேரைப் பாருங்க. யாருக்கு ஓட்டம் தேவையோ அவன்தான் மொத ரவுண்ட்லயே வெளில போய் உக்காந்துடறான். மீதி நேரமெல்லாம் ஓடறவன் ஒல்லிப்பிச்சான். இதை எவன்யா கண்டுபிடிச்சான்?

மறுநாள் காலைல போய் விளையாட்டு லிஸ்ட்டைக் கிழிச்சுட்டேன். புதுசா ஒரே ஒரு விதி: யாரும் அவுட் ஆகக்கூடாது. சொல்ல ஈஸி. அவுட் இல்லாத ஆட்டம் யோசிச்சுப் பாருங்க, தலை சுத்தும்.

மொதல்ல ஆடுபுலி. கிரவுண்ட்ல கோலமாவால பெருசா கட்டம் போட்டோம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. காய்க்குப் பதிலா பசங்களே நிக்கணும். புலி தாண்டறதுக்கு அடுத்த புள்ளி காலியா இருந்தா ஆடு காலி. ஆடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னு புலி நகர முடியாம அடைச்சிட்டா புலி தோத்தது. வெட்டுப்பட்ட ஆடு வழக்கமா வெளில போகும். நாங்க என்ன பண்ணோம்னா, வெட்டுப்பட்ட ஆடு நேரா ஆட்டுக் கட்சியோட ஆலோசனைக் குழுவுக்குப் போகணும். நேரம் ஆக ஆக ஆடு கொறையும், மூளை கூடும். அஞ்சு ஆடு போனதும் கரையில அஞ்சு பேர் நின்னு கத்துறானுங்க, "டேய் நவுராத, நவுந்தா செத்த!" அப்படியே நைஸா, இந்தப் புள்ளியும் கோடும்தான் பின்னாடி டிஸ்க்ரீட் மேத்ஸ்ல கிராஃப் தியரின்னு வரப்போகுதுன்னு சொல்லி வச்சேன். ஒருத்தனும் மெரளல.

நம்ம ராணிப்பேட்டைப் பையன் புலியா நின்னான். "குண்டா இருந்தாலும் புத்திசாலி, எல்லாரையும் ஜெயிச்சுட்டான்"னு எழுதினா நல்லா இருக்கும்தான். ஆனா அவன் மூணே ஆடு வெட்டிட்டு, மூலையில போய் மாட்டிக்கிட்டு அசடு வழிஞ்சான். ஆனா கடைசி வரைக்கும் கட்டத்துக்குள்ள இருந்தான்.

தாயக்கட்டையும் போட்டோம். ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் 0, 1, 2, 3. மொத்தம் 16 வகையா விழலாம், அதுல தாயம் விழறது ரெண்டே வகை. அதாவது எட்டுல ஒண்ணு. பாட்டிங்க "எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது"ன்னு பொலம்பறதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இதுதான். தாயம் விழாட்டி கட்டத்துக்குள்ளயே போக முடியாது, ஆனா ஒருத்தரும் உங்களை எழுந்து போன்னு சொல்ல மாட்டாங்க. அடுத்த சுத்துல மறுபடி உருட்டலாம். எனக்கு இது ரொம்பப் புடிச்சிருந்தது. ஏன்னு உங்களுக்கே புரியும்.

ரெண்டாவது வாரம் 'உள்ளூர் இடங்களைப் பார்த்தல்'. வழக்கமா பஸ் புடிச்சு மகாபலிபுரம் போய் செல்ஃபி எடுத்துட்டு வருவாங்க. நான் எங்க பேட்டைக்கே கூட்டிட்டு வந்தேன். அப்ப, 2023 ஆகஸ்ட் கடைசிலேர்ந்து, நாலாவது பாதை வேலைக்காக பீச் வரைக்கும் பறக்கும் ரயில் போகாது. சிந்தாதிரிப்பேட்டையோட நின்னுடும். (2024 அக்டோபர்லதான் மறுபடி விட்டாங்க. ஊரே திட்டிக்கிட்டிருந்தப்ப எனக்கு மட்டும் காலைல ஜன்னல் சீட்டு.) அதனால கடைசி ஸ்டேஷன்ல எறங்குங்கடான்னு சொல்லிட்டா போதும், ஒருத்தனும் தொலைய மாட்டான்.

ஆட்டம் புதையல் வேட்டை. மொதல்ல விதி எழுதினப்ப புத்திசாலித்தனமா ஒண்ணு யோசிச்சிருந்தேன்: டீம்ல கடைசி ஆள் வந்து சேர்ற நேரம்தான் டீமோட நேரம், அப்பதான் யாரையும் விட்டுட்டு ஓட மாட்டாங்கன்னு. முந்தின நாள் நோட்டீஸ் போர்டுல படிச்சுட்டு நம்மாள் தனியா வந்தான்.

"சார், இதுல நான்தான் சார் எங்க டீமைத் தோக்க வைப்பேன்."

சிரிக்காம சொன்னான். அது ஒரு முன்னேற்றம்தான். எனக்குத்தான் மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்தது. நேரத்தையே தூக்கிட்டேன். யார் எவ்வளவு பாத்தீங்க, யார்கிட்ட பேசினீங்க, அதுக்குத்தான் மார்க். மெதுவா நடக்கறவனுக்கு நிறைய கண்ல படும் இல்லையா.

மொதல் கேள்வி, இந்தப் பேட்டைல தறி எங்கேன்னு. ஒரு தறியும் கெடையாது. 1734ல கவர்னர் பிட் காலத்துல, கும்பினிக்கு ஏத்துமதி பண்ணத் துணி வேணும்னு, கூவம் வளையற எடத்துல சுங்குராமன் தோட்டத்துல நெசவாளிங்களைக் குடியேத்தினாங்க. சின்னத் தறிப் பேட்டை, வாய்ல புரண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்வாங்க. அடுத்து, பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஆதிகேசவப் பெருமாளையும் ஆதிபுரீஸ்வரரையும் கண்டுபிடிக்கணும். அடுத்தது மே தினப் பூங்காவோட பழைய பேரு. யாராவது வயசானவங்களைக் கேட்டாத்தான் 'நேப்பியர் பார்க்'னு வரும். கவர்னர் நேப்பியர் 1869ல போட்ட பூங்கா, 1990ல மே தினம் ஆச்சு. கடைசியா மீன் மார்க்கெட்ல அஞ்சு மீன் பேரு. அங்க ஒரு அக்கா பசங்களை நிக்க வச்சுக் கிளாஸே எடுத்துட்டாங்க. வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி... "இன்ஜினியருக்குப் படிக்கிற, சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா கண்ணு?"

திரும்பறப்பதான் அந்தப் படி. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல ஏறியிருக்கீங்களா? பறக்கும் ரயில்னு பேரு வச்சதுக்கு நம்மளும் பறந்துதான் மேல போகணும். பசங்கல்லாம் ரெண்டு ரெண்டு படியா ஓடிட்டானுங்க. நான் பாதில நின்னு, கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப ஆர்வமா வெளில பாத்துக்கிட்டிருந்தேன். பின்னாடி புஸ் புஸ்ஸுன்னு சத்தம். நம்மாள். அவனும் நின்னான். அவனும் வெளில பாத்தான்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "நீங்களும் கூவத்தைத்தான் பாக்கறீங்களா சார்?"

அடக்க முடியல. ரெண்டு பேரும் படிலயே உக்காந்து கண்ல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். சென்னையில பொறந்து வளந்த எவனாவது கூவத்தை நின்னு ரசிச்சிருக்கானா! அப்புறம் சொன்னான், ஸ்கூல்ல எட்டாவதுலேர்ந்து பி.டி. பீரியட்ல ஸ்கோர் எழுதற வேலைதானாம் அவனுக்கு. "ஓடவே விட்டதில்ல சார். நானும் கேட்டதில்ல." நான் ரோடு ரோலர் கதையைச் சொன்னேன். அதுவரைக்கும் தங்கமணிக்குக்கூடச் சொன்னதில்ல.

அன்னிலேர்ந்து அந்தப் படிதான் என் ஜிம். நிக்காம ஏறணும்னெல்லாம் இல்ல, ஏறினா போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன், தினம் ஒரு வரி. சாப்பிட்டது, நடந்தது, அவ்ளோதான். வடகறி சாப்பிட்டா வடகறின்னு எழுதிட்டு, அடுத்த வேளை பழையபடி ஆட்டத்துக்குள்ள. மொத வேலையா காபில சர்க்கரை கட். ஒரு நாளைக்கு நாலு காபி, ஆளுக்கு ரெண்டு ஸ்பூன், ஒரு ஸ்பூனுக்குப் பதினாறு கலோரின்னு வச்சா 128. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமா 7700 கலோரின்னு சொல்வாங்க. ஆக, அறுபது நாளைக்கு ஒரு கிலோ. தாள்ல. ஒடம்பு கணக்கு டீச்சர் சொல்றபடியெல்லாம் கேக்காது, போகப் போக அதுவும் செலவைக் கொறச்சுக்கும். இருந்தாலும் சும்மா கெடைச்ச கிலோவை ஏன் விடுவானேன்? ராத்திரி சோறு பாதி, காய் ரெட்டிப்பு. சாயங்காலம் மே தினப் பூங்கால நடை.

அந்த பத்தாயிரம் அடி சமாச்சாரம் ஒண்ணு. போன் தினமும் "இன்னும் 6,200 அடி பாக்கி"ன்னு குத்திக் காட்டும். தேடிப் பாத்தா, அது 1965ல ஜப்பான்ல அடி எண்ணற கருவி விக்கறதுக்கு வச்ச பேராம், 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு. டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணிச் சொன்ன நம்பர் இல்ல. பின்னாடி வந்த ஆராய்ச்சிலயெல்லாம் ஏழாயிரத்துலயே நல்ல பலன் தெரியுதுங்கறாங்க. போன்ல அந்த அறிவிப்பை அணைச்சுட்டேன். மனசு லேசாச்சு, அதுவே ஒரு அரைக் கிலோ இருக்கும்.

இன்னிக்குக் காலைல 87.2. பிஎம்ஐ இன்னும் 30க்கு மேலதான், பருமன் கட்டம்தான், டாக்டர் இன்னும் முறைக்கறார். ஆனா சர்க்கரை எல்லைக்கோட்டுலேர்ந்து எறங்கியிருக்கு. ஸ்டேஷன் படில கூவத்தைப் பாக்க நிக்கறதில்ல. நின்னாலும் ஒரு தடவைதான்.

அந்தப் பையன் எளைச்சானான்னு கேக்காதீங்க. நான் கேக்கல, அவனும் சொல்லல. போன வருஷம் இண்டக்‌ஷனுக்கு சீனியர் வாலண்டியரா வந்து கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கிட்டு நின்னான். கட்டம் போடறப்ப ஒரு புள்ளி கோணலாப் போச்சுன்னு என்னைத் திட்டினான். "சார், இது 23ஆவது இல்ல சார், 24. எண்ணத் தெரியாதா?" கணக்கு வாத்தியாரைப் பாத்து!

நேத்து வேற டிபார்ட்மென்ட் நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். இந்தத் தடவை அவர்தான் மீட்டிங்குக்கு லேட்டாம்.

"சார், உங்க வீட்ல பழைய நியூஸ் பேப்பர் இருந்தா கொஞ்சம் குடுங்களேன். ஃபர்ஸ்ட் இயருக்கு ஒரு கேம் வைக்கணும்."

"அடடா, இப்பதான் சார் எடைக்குப் போட்டேன்"னேன். பரண்ல ஆறு மாசப் பேப்பர் கெடக்கு. "பேப்பர் இல்லாட்டி என்ன, கோலமாவு இருக்கு சார். நாளைக்கு எடுத்துட்டு வர்றேன், இருங்க."